சகலையின் எண்பது

லிஃப்ட் மெக்கானிக்குக்கு உலகத்தில் யார்மேலும் பொறாமை கிடையாது. அவரே அப்படிச் சொல்வார். சொன்னது பெரும்பாலும் உண்மை. கூட வேலை பார்த்தவன் சூப்பர்வைசர் ஆனபோது முதலில் போய்க் கைகொடுத்தவர் அவர். பக்கத்து வீட்டுக்காரர் மாடிமேல் மாடி எடுத்தபோது, "உங்களுக்கு நல்லா காத்து வரும்" என்று மனதார வாழ்த்தினார். அதனால் தன் வீட்டுக்குக் காற்று நின்றுபோகும் என்பதை வாய்விட்டுச் சொல்லவில்லை. ஊரில் எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்கு போட வேண்டிய பொறாமையை அவர் சிந்தாமல் சிதறாமல் சேர்த்துவைத்து, ஒரே ஆளுக்குக் கொடுத்துவந்தார். அந்த ஆள் அவருடைய சகலை.

சகலை என்பது விசித்திரமான உறவு. ரத்தமும் இல்லை, சிநேகிதமும் இல்லை. ஒரே வீட்டில் பெண் எடுத்த குற்றத்துக்காக இரண்டு ஆண்களை ஆயுள் முழுக்க ஒரே தராசின் இரண்டு தட்டுகளில் உட்காரவைக்கும் ஏற்பாடு. ஒருவர் இறங்கினால்தான் இன்னொருவர் ஏற முடியும்.

மெக்கானிக்கின் சகலை, அதாவது அவர் மனைவியின் அக்கா வீட்டுக்காரர், மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். நாளெல்லாம் ஜனங்களை நாற்காலியில் உட்காரவைத்து, கண்முன் வில்லைகளை மாற்றி மாற்றி வைத்து, "இது தெளிவா, முன்னாடி இருந்தது தெளிவா?" என்று அலுக்காமல் கேட்கிற வேலை. பொறுமைசாலி. குரலை உயர்த்தாதவர். யாரைப் பற்றியும் புறம் பேசாதவர். சிக்கலே அங்கேதான். ஆள் கொஞ்சம் கெட்டவனாக இருந்தால் பொறாமைப்படுகிறவனுக்கு ஒரு நியாயம் கிடைக்கும். இவர் அந்தச் சௌகரியத்தைக்கூடச் செய்துதரவில்லை.

இதெல்லாம் பாட்டுப் பெட்டியில் ஆரம்பித்தது. மெக்கானிக் பதினைந்து வருஷமாகத் தன் கையால் ஸ்பீக்கர் செய்துவந்தார். மரம் அறுப்பது, ஒயர் பற்றவைப்பது, துணி போர்த்துவது எல்லாம் அவரே. நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை சகலை வந்து பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தார். "எனக்கும் சொல்லித் தாங்களேன் சகலை" என்றார். மெக்கானிக் பெருந்தன்மையோடு சொல்லிக்கொடுத்தார். பெருந்தன்மை என்பது அடுத்தவனுக்கு வராது என்ற நம்பிக்கையில் காட்டுவது. சகலைக்கு வந்துவிட்டது. வில்லையில் முடியளவு கீறலைக் கண்டுபிடிக்கிற கைக்கு ஈயப் பற்றுவைப்பு ஒரு பொருட்டா? மூன்றே வருஷத்தில் அவர் வீட்டு ஹாலில் ஒரு சப்வூஃபர் நின்றது. அடித்தொண்டைச் சத்தத்துக்கென்றே தனியாகச் செய்த, பின்பக்கம் குழாய் வைத்த, இடுப்பளவு உயரமான கறுப்புப் பெட்டி.

அதை முதல்முறை கேட்ட அன்று மெக்கானிக்கின் மனைவி சோபாவில் சாய்ந்து உட்கார்ந்தாள். பாட்டு முடிந்தது. பிறகு, எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாமல் ஒரு வாக்கியம் சொன்னாள்.

"அத்தான் வீட்டுல பாட்டு தரையிலேர்ந்து வருது. நம்ம வீட்டுல பெட்டியிலேர்ந்து வருது."

கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அவள் எத்தனையோ சொல்லியிருக்கிறாள். சமையலறைக் குழாய் ஒழுகுவதைப் பற்றி ஒன்பது மாதம் சொன்னாள். அது அவர் காதில் ஏறவில்லை. இது ஏறியது, ஏறி, இறங்க மாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டது.

அடுத்த வாரமே அவர் மரம் வாங்கினார். பதினெட்டு மில்லி ப்ளைவுட், பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர், நாலு அங்குல பிளாஸ்டிக் குழாய். குழாய் வைத்த பெட்டி என்பது பாட்டிலின் வாயில் ஊதுவது போன்ற விஷயம். குழாய்க்குள் இருக்கும் காற்று ஒரு குறிப்பிட்ட சுருதியில் தானே ஊசலாடி, ஸ்பீக்கர் தனியாகத் தர முடியாத ஆழத்தைக் கொடுக்கும். குழாயின் நீளத்தை வெட்டி வெட்டி அந்தச் சுருதியை இருபத்தெட்டு ஹெர்ட்ஸுக்குக் கொண்டுவந்தார். எண் குறைந்தால் ஆழம் கூடும்; சகலையின் பெட்டி முப்பது. எழுதவே வேண்டாத அந்த இரண்டு வித்தியாசத்தைப் பெட்டியின் உள்பக்கம் பென்சிலால் எழுதிவைத்தார்.

பெட்டி பிரமாதமாக வந்தது. பாக்கி இருந்தது கிராஸ்ஓவர் மட்டும்.

கிராஸ்ஓவர் என்றால் ஒன்றுமில்லை, பாகப்பிரிவினை. பாட்டில் இருக்கும் ஒலியெல்லாம் குடும்பச் சொத்து. ஒரு எல்லைக்குக் கீழே உள்ள தாழ்ந்த ஒலிகள் சப்வூஃபருக்கு, மேலே உள்ளவை இரண்டு சின்ன ஸ்பீக்கர்களுக்கு. எல்லைக்கல்லை எங்கே நடுவது என்பதுதான் கேள்வி. மேலே தள்ளி நட்டால் பாடகரின் பாதித் தொண்டை மூலையில் இருக்கும் பெரிய பெட்டிக்குள் போய்விடும். கீழே தள்ளி நட்டால் நடுவில் யாரும் உழாத நிலம் தரிசாகக் கிடக்கும். இது போதாதென்று குழாய் வைத்த பெட்டிக்கு அடியில் இன்னொரு வடிகட்டியும் வேண்டும். குழாயின் சுருதிக்கும் கீழே போய்விட்டால் உள்ளே உள்ள காற்று ஸ்பீக்கரின் காகிதக் கூம்பைப் பிடித்துவைக்காது; கேட்பாரற்ற பிள்ளை மாதிரி அது இஷ்டத்துக்கு ஆடும், ஆடி உடையும். ஆகவே அந்த ஆழத்துக்கும் கீழே உள்ளது யாருக்கும் சொந்தமில்லாத புறம்போக்கு என்று வேலி போட்டுவிட வேண்டும்.

அந்தக் கட்டத்தில்தான் சகலை ஒரு காகிதத்தோடு வந்தார். மருந்துச் சீட்டு மாதிரி மடித்த தாள். உள்ளே முத்து முத்தான கையெழுத்து.

"நான் ஆறு மாசம் மாத்தி மாத்தி வச்சுப் பார்த்தேன் சகலை. எல்லை எண்பது. சரிவு, அதான் எல்லையில சத்தத்தை எவ்வளவு செங்குத்தா வெட்டணும்ங்கிற ஸ்விட்ச், அது இருபத்திநாலு. அடி வேலி இருபத்தஞ்சு. உங்க சின்ன ஸ்பீக்கரும் என்னோடதும் ஒரே அளவுதானே? அப்படியே ஒத்து வரும். உங்க நேரம் மிச்சமாகட்டுமேன்னு எழுதிட்டு வந்தேன்."

"ரொம்ப நன்றி சகலை" என்றார் மெக்கானிக். பல்லைக் கடித்துக்கொண்டு நன்றி சொன்னால் 'ன்றி' மட்டும்தான் வெளியே வரும்.

"என்ன நன்றி? எல்லாம் நீங்க கத்துக்குடுத்ததுதானே."

சகலை போன பிறகு மெக்கானிக் அந்தத் தாளை நாலாய் மடித்து, எட்டாய் மடித்து, ஸ்க்ரூ டப்பாவின் அடியில் போட்டார். அந்த நிமிஷத்திலிருந்து எண்பது என்ற எண் அவருக்கு விலக்கு. அடுத்தவனுக்குச் சகுனத்தடை ஆகட்டும் என்று தன் மூக்கை அறுத்துக்கொண்டவன் கதையை அவர் சின்ன வயசிலிருந்தே கேட்டு, 'முட்டாப்பய' என்று சிரித்திருக்கிறார்.

முதலில் ஐம்பதில் வைத்தார். ஆழமான ஆளுக்கு ஆழமான எல்லை. மனைவி சோபாவில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். பரீட்சை அதிகாரி அவள்தான்; ஆனால் அது அவளுக்குத் தெரியாது.

"எப்படி இருக்கு?"

"ஆரம்பிச்சாச்சா?"

நூற்றிருபதுக்குப் போனார்.

"இப்ப?"

"பாடுறவர் அந்த மூலையில உட்கார்ந்து மூச்சு விடுறார். அவருக்கு உடம்புக்கு என்ன?"

நூறு.

"இப்ப யாரோ பக்கத்து ரூம்ல பீரோவை நகர்த்துறாங்க."

அறுபத்தைந்து, தொண்ணூற்று ஐந்து, எழுபது, தொண்ணூறு என்று இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் போயின. அவர் எண்பதை நடுவில் வைத்து, கிணற்றைச் சுற்றும் மாடு மாதிரி சுற்றிவந்தார். ஸ்பீக்கரின் சிவப்பு ஒயரையும் கறுப்பு ஒயரையும் இடம் மாற்றினார். பெட்டியை ஜன்னல் பக்கம் தள்ளினார், கதவுப் பக்கம் தள்ளினார். மைக் வைத்து அளந்தார். அளவுகோலுக்கு உறவுமுறை தெரியாது. அது ஒவ்வொரு முறையும் சகலையின் பக்கமே பேசியது. எழுபத்தாறில் வைத்தபோது கிட்டத்தட்ட சரியாக இருந்தது. எண்பத்துநாலில் வைத்தபோதும் கிட்டத்தட்ட சரியாக இருந்தது. 'கிட்டத்தட்ட' என்ற சொல்லோடு ஒரு வாரம் வாழ்ந்து பார்த்தார். மூன்றாவது ஞாயிறு, மனைவி குளிக்கப் போயிருந்த நேரம் பார்த்து, திருட்டுத்தனமாகக் குமிழை எண்பதுக்குத் திருப்பினார். சரிவு இருபத்திநாலு. அடி வேலி இருபத்தஞ்சு.

பாட்டு பெட்டியை விட்டு வெளியே வந்தது. பெட்டி எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. தரை பாடியது.

மனைவி ஈரத்தலையோடு வாசற்படியில் நின்றுவிட்டாள். "என்னங்க..."

"ம்?"

"பிரமாதமா இருக்கே!" என்றாள். அவர் முகம் மலர்வதற்குள் அடுத்த வாக்கியம் வந்தது. "அப்படியே அத்தான் வீட்டு மாதிரியே!"

'மாதிரியே.' மூன்று வாரம் மாடாய் உழைத்தவனுக்கு 'மாதிரியே.'

அடுத்த ஞாயிறு சகலையும் அவர் மனைவியும் வந்தார்கள். சகலை கையைக் கட்டிக்கொண்டு, கண்ணை மூடி, ஒரு முழுப் பாட்டையும் கேட்டார். கண்ணைத் திறந்தபோது அவர் முகத்தில் இருந்தது கலப்படமில்லாத சந்தோஷம்.

"சகலை, இது என்னோடதைவிட நல்லா இருக்கு."

"சும்மா சொல்லாதீங்க."

"சத்தியமா. அந்தக் கடைசி வரியில ஒரு இறக்கம் வந்ததே, என் வீட்டுல அது கிடையாது." அவர் மனைவியின் பக்கம் திரும்பி, "ஏம்மா, உனக்கும் தோணலை?" என்று கேட்டார். அந்த அம்மாளும் ஆமாம் என்று தலையாட்டினாள்.

பழம் நழுவிப் பாலில் விழுந்தாயிற்று. நியாயமாகப் பார்த்தால் மெக்கானிக்கின் பொறாமை அத்தோடு செத்திருக்க வேண்டும். ஆனால் பொறாமைக்குத் தேவை ஜெயிப்பது அல்ல, எதிராளி தோற்பது. தோற்றவன் இப்படிக் கைதட்டி மகிழ்ந்தால் அந்த ஜெயத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

"எத்தனையில வச்சிருக்கீங்க சகலை?" என்று கேட்டார் கண்ணாடிக்காரர்.

மெக்கானிக் முன்னமே நகர்ந்துபோய்க் குமிழ்களை மறைத்துக்கொண்டு நின்றிருந்தார். 'நீங்க சொன்ன எண்பதுதான்' என்று சொல்ல மூன்று விநாடி போதும். அந்த மூன்று விநாடியில் மனைவி அத்தானைப் பார்க்கப்போகும் பார்வை அவருக்கு முன்கூட்டியே தெரிந்தது.

"நாப்பத்தஞ்சு" என்றார்.

"நாப்பத்தஞ்சா!"

"ஆமா. எண்பதெல்லாம் சும்மா ஆரம்பத்துல வைக்கிறது. அப்புறம் அந்த அடி வேலி இருக்கே, இருபத்தஞ்சு, அதை எடுத்துட்டேன். ஆழம் முழுக்க அங்கதான் இருக்கு. வேலி போட்டா ஆழத்தை எங்கேர்ந்து கொண்டுவர்றது?"

ஒரு பொய் சொல்லப் போனவர் இரண்டாகச் சொல்லிவிட்டார். முதல் பொய் சகலையின் பாட்டைக் கெடுக்கும். இரண்டாவது சகலையின் ஸ்பீக்கரையே உடைக்கும். சகலை சட்டைப் பையிலிருந்து பேனா எடுத்து, உள்ளங்கையில் 45 என்று எழுதிக்கொண்டார்.

"நாலு வருஷம் ஆச்சு, இன்னும் உங்ககிட்ட கத்துக்க வேண்டியிருக்கு பாருங்க."

செவ்வாய்க்கிழமை மெக்கானிக் ஒரு ஒன்பது மாடிக் கட்டடத்தின் உச்சியில், லிஃப்ட் மோட்டார் அறையில் இருந்தார். கூட இருந்த கூட்டாளிக்கு 'டார்ச்' என்று பேர். பட்டப்பகலிலும் கையில் டார்ச் இல்லாமல் எந்த அறைக்குள்ளும் நுழையமாட்டான். மாதப் பரிசோதனை. லிஃப்ட் அளவுக்கு மீறி வேகமெடுத்தால் தானே பிடித்து நிறுத்தும் சக்கரத்தை மெக்கானிக் கையால் சுற்றிப் பார்த்தார். உள்ளங்கையைச் சுவரில் வைத்து மோட்டாரின் அதிர்வைக் கேட்டார். இருபத்தேழு வருஷ சர்வீஸில் கதவு திறந்திருந்தால் மோட்டாரை நிறுத்தும் பூட்டை ஒருமுறைகூட ஒயர் போட்டுத் தாண்டிவிட்டு லிஃப்டை ஓட்டியதில்லை என்பது அவர் பெருமை.

"டார்ச், ஒருத்தன் இந்தச் சக்கரத்தைக் கழட்டிட்டா என்ன ஆகும்?"

"ஒண்ணும் ஆகாது அண்ணே. லிஃப்ட் நல்லாத்தான் ஓடும். நிக்கிறதுதான் கொஞ்சம் கஷ்டம்."

"தெரியாம கழட்டினா?"

"கழட்டினவனுக்குத் தெரியலைன்னா, கழட்டச் சொன்னவனுக்குத் தெரிஞ்சிருக்கும்ல?" டார்ச் வெளிச்சத்தை அவர் முகத்தில் அடித்தான். "என்ன அண்ணே, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?"

"வெளிச்சத்தைத் தாழ்த்துடா."

அன்றே போன் செய்திருக்கலாம். செய்ய வேண்டும் என்று புதன்கிழமை நினைத்தார், வியாழக்கிழமையும் நினைத்தார். சகலை சாது, சத்தமாக வைத்துக் கேட்கிற ஆளில்லை, வேலி இல்லாவிட்டாலும் ஒன்றும் ஆகாது என்று வெள்ளிக்கிழமை சமாதானம் செய்துகொண்டார். சனிக்கிழமை மனைவி அக்காவோடு போனில் பேசிவிட்டு வந்து சொன்னாள்: "அத்தான் நீங்க சொன்னபடி எல்லாத்தையும் மாத்திட்டாராம். நாளைக்கு மத்தியானம் வரச் சொல்றாங்க. புதுசா ஒரு ரிக்கார்டும் வாங்கியிருக்காராம், இடி, மழை, ரயில் சத்தமெல்லாம் இருக்காம்."

ஞாயிறு மத்தியானம் நாலு பேரும் சகலையின் ஹாலில் உட்கார்ந்தார்கள். ஜன்னல் திரை, நாலு நாற்காலி, சுவரோரம் சின்ன ஸ்பீக்கர்கள் இரண்டு, நடுவில் கறுப்புப் பெட்டி. முதலில் வழக்கமான பாட்டு. மெக்கானிக் முதல் வரியிலேயே ஓட்டையைக் கேட்டுவிட்டார். மேலே குரல் இருந்தது, அடியில் எங்கோ ஒரு முணுமுணுப்பு இருந்தது, நடுவில் ஒன்றுமில்லை. இடுப்பில்லாத மனிதன் நடந்துவருகிற மாதிரி இருந்தது பாட்டு.

"ஆழம் தெரியுதா சகலை?" என்றார் கண்ணாடிக்காரர். குரலில் உற்சாகம் இருந்தது. நெற்றியில் ஒரு சுருக்கமும் இருந்தது.

"தெரியுது, தெரியுது."

மனைவி அவர் பக்கம் சாய்ந்து, காதுக்குள் சொன்னாள்: "எனக்கென்னவோ நம்ம வீட்டுலதான் நல்லா இருக்கு."

வந்துவிட்டது. இத்தனை நாள் தவமிருந்த வாக்கியம். தராசில் அவர் தட்டு ஏறியாயிற்று. அவர் அதை நாக்கில் வைத்துச் சுவைத்துப் பார்த்தார். அது அவர் செய்த பெட்டிக்குக் கிடைத்த வார்த்தை அல்ல. சொன்ன பொய்க்குக் கிடைத்த கூலி. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன், அந்தச் சோற்றையே சாப்பிட வேண்டியிருந்தால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது. இருந்தாலும் கொஞ்சம் இனிக்கவும் செய்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

"இப்பதான் விஷயமே இருக்கு" என்று எழுந்தார் சகலை. உறையிலிருந்து இடிச்சத்த ரிக்கார்டை எடுத்துச் சுழலவிட்டார். பழைய சாமான் கடையில் வாங்கிய தட்டு, வெயிலில் கிடந்ததோ என்னவோ, லேசாக நெளிந்திருந்தது. ஊசி ஏறி இறங்கி, ஏறி இறங்கி, படகு மாதிரி போயிற்று. இன்னும் இடி வரவில்லை. ஹாலில் சத்தமே இல்லை. ஆனால் கறுப்புப் பெட்டியின் கூம்பு முன்னும் பின்னும் ஓரங்குலம் ஆடிக்கொண்டிருந்தது. தட்டின் நெளிவு காதுக்கு எட்டாத ஆழத்தில் ஸ்பீக்கரைப் பிடித்து உலுக்கியது. அதைத் தடுக்க வேண்டிய வேலி இல்லை. எடுக்கச் சொன்னவர் மூன்றாவது நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"பாருங்க, பாருங்க, எப்படி மூச்சு விடுது!" என்று சகலை சந்தோஷப்பட்டார். "ஆழம்னா இதுதானே?" சத்தத்தைக் கூட்டக் கையை நீட்டினார்.

கூம்பு ஒருமுறை வெளியே வந்து திரும்பும்போது உள்ளே 'டொக்' என்று ஒரு சின்னச் சத்தம் கேட்டது. மற்ற மூன்று பேருக்கும் அது வெறும் சத்தம். மெக்கானிக்குக்கு அது கூம்பின் அடியில் உள்ள கம்பிச் சுருள் காந்தத்தில் இடிக்கிற சத்தம். இன்னும் இரண்டு அப்படி, அதன் மேல் ஒரு இடி, அவ்வளவுதான்.

"நிறுத்துங்க!" என்று கத்திக்கொண்டு எழுந்தார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. சகலையின் கையைத் தட்டிவிட்டு, சத்தக் குமிழைப் பூஜ்யத்துக்குத் திருப்பி, ஊசியைத் தூக்கினார்.

எல்லோரும் அவரையே பார்த்தார்கள்.

"என்ன ஆச்சு சகலை?"

"எண்பது" என்றார் மெக்கானிக்.

"என்னது?"

"என் வீட்டுல இருக்கிறது எண்பது. நாப்பத்தஞ்சு இல்ல. அடி வேலியும் இருக்கு, இருபத்தஞ்சுல. உங்க தாள்ல இருந்தது அப்படியே. ஒரு எண்கூட நான் மாத்தலை."

"அப்புறம் எதுக்கு என்னை...?" சகலை வாக்கியத்தை முடிக்கவில்லை. கண் பரிசோதனையில் கடைசி வரியைப் படிக்கத் தடுமாறுகிற ஆள் மாதிரி மெக்கானிக்கின் முகத்தை உற்றுப் பார்த்தார். "மறந்துட்டீங்களா?"

பெரிய மனது பண்ணி அவர் ஒரு வாசலைத் திறந்துவிட்டார். அதற்குள் நுழைந்து தப்பித்திருக்கலாம். அந்த வாசலும் சகலை போட்ட பிச்சை என்பதால் மெக்கானிக்குக்கு நுழைய மனம் வரவில்லை. பொறாமையால் அவர் செய்த ஒரே நல்ல காரியம் அது.

"மறக்கலை. வயித்தெரிச்சல்."

 சகலையின் மனைவி தன் தங்கையைப் பார்த்தாள். தங்கை தரையைப் பார்த்தாள்.

சகலை மெதுவாக உட்கார்ந்தார். "ஆறு நாளா என் காது கெட்டுப்போச்சுன்னு நினைச்சுட்டு இருந்தேன்" என்றார்.

"என்ன?"

"திங்கக்கிழமையே மாத்திட்டேன். மாத்தினதும் நடுவுல ஒண்ணுமே கேக்கலை. சகலை சொன்னது தப்பா இருக்காது, அப்ப காதுதான் போச்சுன்னு நினைச்சேன். வியாழக்கிழமை கடையைப் பூட்டிட்டுக் காது டாக்டர்கிட்ட போனேன். கூண்டுக்குள்ள உட்காரவச்சு ஒரு மணி நேரம் டெஸ்ட் பண்ணார். வயசுக்கு ஏத்த காதுதான்னார். நான் நம்பலை. நாளைக்கு வேற டாக்டரைப் பார்க்கலாம்னு இருந்தேன்."

"என்கிட்டகூடச் சொல்லலையே நீங்க!" என்றாள் அவர் மனைவி.

"எதுக்கு உன்னைப் பயமுறுத்தணும்?"

மெக்கானிக் குமிழ்களின் பக்கம் குனிந்தார். "தள்ளுங்க சகலை, நானே பழையபடி..."

"தொடாதீங்க."

நாலு வருஷத்தில், ஏன், இருபத்திரண்டு வருஷத்தில், அந்த வாயிலிருந்து அப்படி ஒரு குரல் வந்து யாரும் கேட்டதில்லை. அது உரக்கக்கூட இல்லை. கண்ணாடிக்காரர் எழுந்துவந்து, தானே குனிந்து, எண்பதில் வைத்தார், இருபத்தஞ்சில் வைத்தார். பிறகு ரிக்கார்டை எடுத்துவிட்டுப் பழைய பாட்டையே போட்டார். பாட்டுக்கு இடுப்பு வந்தது. தரை பாடியது. நல்லவேளை, கூம்புக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை. பாட்டு முடியும்வரை சகலை மெக்கானிக்கைப் பார்க்கவே இல்லை. நல்ல மனிதனுக்குக் கோபம் வந்தால் நமக்கு ஒரு நிம்மதி வரும் என்று மெக்கானிக் எப்போதோ நினைத்திருந்தார். வரவில்லை.

வீட்டுக்கு நடந்து வரும்போது மனைவி பாதி வழிவரை முன்னாலேயே நடந்தாள். பிறகு கேட்டாள்: "அந்தப் பெட்டி உடையுற மாதிரி ஆடலைன்னா, சொல்லியிருப்பீங்களா?"

அவர் யோசித்தார். "மாட்டேன்."

"அதையாவது உண்மையா சொன்னீங்களே." நாலு அடி நடந்தாள். "உங்க காதுல ஒண்ணு சொன்னேன்ல, அதை நான் திருப்பி வாங்கிக்கிறேன்."

"அப்ப நம்ம வீட்டுது?"

"இனிமே என்கிட்ட கேக்காதீங்க. நான் பட்டாணி உரிக்கத்தான் உட்கார்ந்திருந்தேன். உங்களுக்கும் அத்தானுக்கும் பஞ்சாயத்து பண்ண இல்ல."

திங்கட்கிழமை போன் வரவில்லை. செவ்வாயும் இல்லை. புதன்கிழமை மாலை, வேலை முடிந்து அவர் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தபோது வந்தது.

"சகலை" என்றார் கண்ணாடிக்காரர். நலம் விசாரிக்கவில்லை. "உங்க பெட்டியில எல்லையை நாப்பத்தஞ்சுல வச்சுப் பாருங்க."

மெக்கானிக் கழற்றிய சட்டையைத் திரும்பத் தோளில் போட்டுக்கொண்டார். "எத்தனை நாளைக்கு?"

"நான் எத்தனை நாள் கேட்டேன்?"

"ஆறு."

"அடி வேலியை எடுத்துடாதீங்க" என்றார் சகலை. "ஸ்பீக்கர் என்ன பாவம் பண்ணுச்சு?" வைத்துவிட்டார்.

மெக்கானிக் போய்க் குனிந்து, குமிழை நாற்பத்தைந்துக்குத் திருப்பிவிட்டுப் பாட்டைப் போட்டார். நடுவில் தரிசு நிலம் விரிந்தது. நாற்காலியை இழுத்துப்போட்டு, எதிரில் உட்கார்ந்து, கையைக் கட்டிக்கொண்டு முழுப் பாட்டையும் கேட்டார். இவ்வளவு பொருத்தமான தண்டனை சகலைக்குத் தோன்றியிருக்கிறது, தனக்குத் தோன்றவில்லையே என்று உள்ளே எங்கோ சுருக்கென்றது.

சமையலறையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். "என்ன பண்ணீங்க? நல்லாத்தானே இருந்துச்சு?"

"செவ்வாய்க்கிழமை வரைக்கும் இப்படித்தான்."

அவள் அவரையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். கரண்டியோடு வந்து, அவர் பக்கத்தில் இருந்த சோபாவில் உட்கார்ந்து, அந்த ஓட்டைப் பாட்டைக் கடைசிவரை கேட்டாள்.